சுண்ணாம்பு தின்னும் ஏரிகள்!

சுவீடன் நாட்டில் ஏரிகளுக்குச் சுண்ணாம்பு கொடுக்கிறார்கள்!

ஒன்றல்ல, இரண்டல்ல. ஆயிரக்கணக்கான ஏரிகள்! படகில் போய்த் தூவுகிறார்கள். பாதை இல்லாத காட்டு ஏரிகளுக்கு ஹெலிகாப்டரில் பறந்து கொட்டுகிறார்கள். வெற்றிலையில் தடவும் நீற்றுச் சுண்ணாம்பு அல்ல இது. சுண்ணாம்புக் கல்லை மாவாக அரைத்த தூள். 1970-களில் பரிசோதனையாகத் தொடங்கிய இந்த வைத்தியம், 1982 முதல் சர்க்காரின் நிரந்தரத் திட்டமாக நடக்கிறது.

ஏரிக்கு என்ன நோய்?

புகை! அதுவும் பெரும்பாலும் அயல்நாட்டுப் புகை. பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளில் நிலக்கரி எரிந்தது. கந்தகப் புகை காற்றில் கலந்து, கடல் கடந்து, சுவீடனிலும் நார்வேயிலும் திராவக மழையாகப் பெய்தது. சுவீடன் விஞ்ஞானி சுவாந்தே ஓடேன் 1967-ல் இதைப் பத்திரிகையில் எழுதி எச்சரித்தார்.

அங்கே பல இடங்களில் கருங்கல் பூமி. புளிப்பை முறிக்கும் சுண்ணாம்புச் சத்து மண்ணில் குறைவு. புளித்த தண்ணீர், மண்ணில் இருந்த அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குக் கொண்டு வந்தது. அது மீன்களின் செவுளில் படிந்தது. மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன.

ஏமாற்றிய தெளிவு

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோய் கண்ட ஏரிகள் பல, கண்ணாடி போலத் தெளிந்துவிட்டன! "ஆகா, என்ன சுத்தம்!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தத் தெளிவுதான் நோயின் அடையாளம்.

வடநாட்டுக் காட்டு ஏரிகள் பல, இயற்கையிலேயே பழுப்பு நிறம். இலையும் பாசியும் மட்கி, அந்தச் சாறு இறங்கிய தண்ணீர் அது. பால் விடாத தேநீர் மாதிரி இருக்கும். அந்தச் சாறு அழுக்கு அல்ல. நுண்ணுயிர்களுக்கு அது உணவு. கடும் வெயிலை அது தடுக்கிறது. அலுமினியத்தைப் பிடித்துக் கட்டி, அதன் விஷத்தையும் குறைக்கிறது. திராவகமும் அலுமினியமும் மிகுந்தபோது, அந்தச் சாறு திரண்டு அடியில் போய்ப் படிந்தது. தண்ணீர் தெளிந்தது!

சுண்ணாம்பு போட்டதும் புளிப்பு முறிந்தது. மீன் வாழ வழி பிறந்தது. பழுப்புச் சாறு என்ன ஆயிற்று? எல்லா ஏரியிலும் ஒன்று போல நடக்கவில்லை. சிலவற்றில் நிறம் திரும்பியது. சிலவற்றில் சுண்ணாம்புச் சத்து அதைத் திரட்டி அடியில் இறக்கியது.

பழி யார் மேல்?

தண்ணீர் பழுத்துவிட்டால் சுண்ணாம்பின் மேல் பழி போடுவது சுலபம். அது நியாயமில்லை! சுண்ணாம்பையே காணாத ஏரிகளும் பழுக்கின்றன. 1979-ல் பல நாடுகள் கூடி ஜெனீவாவில் உடன்படிக்கை செய்தன. பிறகு கந்தகப் புகை வெகுவாகக் குறைந்தது. மழையில் கந்தகம் குறையக் குறைய, மண் பிடித்து வைத்திருந்த சாறு ஏரிக்கு இறங்குகிறது என்று 2007-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. குடிதண்ணீர் சுத்திகரிப்பவர்களுக்கு இதனால் செலவு கூடும். வாஸ்தவம்தான். அதற்காக ஏரி கெட்டுவிட்டது என்று சொல்லலாமா?

சுண்ணாம்பின் மேல் குற்றமே இல்லை என்பதும் சரியல்ல. வெற்றிலையில் சுண்ணாம்பு மிஞ்சினால் வாய் வெந்துபோகும். சதுப்பு நிலத்தில் தூவினால், அங்கே வளரும் பாசி கருகிவிடுகிறது. அந்த வேலையைக் கூடியவரை தவிர்ப்பதே நல்லது.

இப்போது மழை திருந்தி வருகிறது. சுவீடன் சுண்ணாம்பு அளவைக் குறைத்து வருகிறது. சரியான காரியம்! ஆனால் செலவை மிச்சம் பிடிக்க ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. பல இடங்களில் மண் இழந்த சத்து இன்னும் திரும்பவில்லை. அங்கே மருந்தை நிறுத்தினால் தண்ணீர் மறுபடி புளிக்கும். ஏரி ஏரியாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்து, தாங்கும் ஏரிக்கு மட்டும் நிறுத்த வேண்டும்.