இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

"ஏதாவது ஒரு படம் வரை" என்று எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். முக்கோணமாய் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் நாலு பறவை.

மலையடிவார ஊரில் இதை வரைந்தால் சரி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளியாகக் கிடக்கும் ராமநாதபுரத்துப் பிள்ளையும் இதையே அல்லவா வரைகிறது! அதன் வீட்டைச் சுற்றிப் பனை இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, கருவேலங்காடு இருக்கிறது. ஒன்றுகூடத் தாளுக்கு வருவதில்லை. அந்தப் பிள்ளைக்கு வரையத் தெரியாமல் இல்லை. தான் தினமும் பார்ப்பது வரைவதற்குத் தகுதியில்லாதது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அது கற்றுக்கொண்டுவிட்டது. ஓவிய வகுப்பால் வரும் பெரிய நஷ்டம் இதுதான்.

டிராயிங் பீரியட் எப்படி நடக்கிறது? ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பூச்சாடி வரைவார். ஐம்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைவார்கள். யாருடையது பலகையில் உள்ளது போலவே இருக்கிறதோ அதற்கு 'குட்'. மற்றவர்கள் "எனக்கு டிராயிங் வராது" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவைப் பலர் கடைசி வரை மாற்றிக்கொள்வதே இல்லை. பரீட்சை நெருங்கினால் அந்த பீரியடும் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும்.

பார்த்து வரைவதற்கும் ஒரு காரணம் இருந்தது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியின் முக்கிய நோக்கம் கைத்தொழிலுக்கு ஆள் தயார் செய்வது. தச்சருக்கும் குயவருக்கும் அளவு பிசகாத கை வேண்டும். அந்தத் தொழிலுக்கு அது பொருத்தமான பயிற்சிதான். எட்டு வயதுக் குழந்தைக்கு அதே பயிற்சி எதற்கு?

வேறு வழியைக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. சாந்திநிகேதனில் ஓவியம் படித்த தேவி பிரசாத், 1944-ல் காந்தியின் சேவாகிராமத்துக்குப் போய், 1962 வரை அங்கே இருந்து கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கலை சொல்லிக் கொடுத்தார். கலை என்பது பாடங்களோடு ஒட்ட வைக்கும் இன்னொரு பாடமல்ல, கல்விக்கே அடிப்படை என்பது அவர் கருத்து. தேசியக் கலைத்திட்டம் 2005-ம் பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயமாக்கச் சொன்னது. சொன்னதோடு சரி!

ஒரு உதாரணம். பிள்ளைகளைப் பத்து நிமிடம் வெளியே அழைத்துப்போய் ஒரு பனையையும் ஒரு தென்னையையும் பார்க்கச் சொல்லலாம். பனை ஓலை விசிறி மாதிரி விரியும், தென்னை ஓலை இறகு மாதிரி நீளும். மரம் என்றால் பிரவுன் கலர் என்று பழகிய கைக்கு, பனையின் அடிமரம் கறுப்பாய் இருப்பது அப்போதுதான் தெரியும். பிறகு வகுப்புக்கு வந்து வரையட்டும். கோணலாக வந்தாலும் அது அவர்கள் கண்ட மரம். வாசலில் அம்மா போடும் புள்ளிக் கோலத்தில் கணக்கும் இருக்கிறது, அழகும் இருக்கிறது. புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் குளத்தையும் தாமரையையும் மீனையும் யானையையும் உற்றுப் பார்த்திருக்கிறான் என்பதை அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தாலே புரியும்.

"அப்படியானால் நுட்பமே சொல்லித்தர வேண்டாமா?" என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆனால் தேவை வரும்போது. "தூரத்து வீட்டை எப்படி சார் சின்னதாகக் காட்டுவது?" என்று பிள்ளையே கேட்கும் நாளில் சொல்லிக் கொடுத்தால் அது ஆயுசுக்கும் மறக்காது.

ஆசிரியரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போது வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்று இருந்தது. அந்த அரை நாட்களுக்குள் ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் நின்று பார்க்க அவருக்கு நேரம் ஏது? கலையை அரசு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அரசாங்கம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு குழந்தை படத்தை நீட்டினால் "இது என்ன, யானையா?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். கோடு கோணலாக இருக்கட்டும், சூரியன் நீலமாகவே இருக்கட்டும். தான் பார்த்ததைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்த குழந்தை, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கும். ஓவிய வகுப்பு கொடுக்க வேண்டியது அதைத்தான்.