காய்ச்சல் தணிந்த பின்னும் கவனம் தேவை

ஐப்பசி, கார்த்திகை மழையோடு புதுப்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் காய்ச்சலும் வரும். 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. உடல் குளிர்ந்ததும் நாம் நிம்மதி அடைகிறோம். டெங்குவில் ஆபத்து தொடங்குவதோ பெரும்பாலும் அப்போதுதான். சிறியோராயினும் பெரியோராயினும், மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை காய்ச்சல் தணியும் வேளையில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு விரைவோம்.

எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டா. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுப்போம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி கண்டாலே, மருந்தகத்தை நாடாது மருத்துவரிடம் கொண்டு செல்வோம்.

காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாள் விழிப்பாயிருப்போம்.