திரும்பி வந்த பிள்ளையோடு பேசுங்கள்

பல்லேகமவிலும் மேலே தோட்டங்களிலும் இருக்கும் என் சொந்தங்களுக்கு,

பிரான்சில் ஆன்ஜே நகரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேதான் 1835இல் புனித மரிய யூப்ரேசியா எங்கள் நல்லாயன் கன்னியர் சபையைத் தொடங்கினார். 1868இல் அவர் காலமானார். மறு வருடமே அவருடைய சபைச் சகோதரிகள் கொழும்பில் வந்து இறங்கினார்கள். 1889இல் கண்டிக்கும் வந்தார்கள். ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்த நான், இன்று இங்கே முதிய பிரெஞ்சுச் சகோதரிகளைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டிப் பார்த்துக்கொள்கிறேன். அன்று வந்தவர்களுக்குப் பட்ட கடன் என்கிறார்கள் சிலர். எனக்கு இவர்கள் வீட்டுப் பெரியவர்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி மடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள் என்றும், பூசைக்கு வந்தால்கூட அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் தம்பி போனில் சொன்னான். அதனால்தான் இந்த மடல்.

அவள் எந்த வாக்கையும் மீறவில்லை. திருச்சபைச் சட்டம் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. பதினேழு வயதுக்கு முன் நவதுறவு என்னும் பயிற்சிக் காலத்தில் சேர்க்க முடியாது. நவதுறவு குறைந்தது ஒரு வருடம். அதன்பின் கொடுக்கும் வார்த்தைப்பாடும் தற்காலிகமானதுதான். மூன்று வருடத்துக்குக் குறையாமல் அப்படி வாழ்ந்து பார்த்த பிறகே நித்திய வார்த்தைப்பாடு. இத்தனை வருடங்களும் எதற்கு? சபை அவளைப் பார்க்கவும், அவள் தன்னையே பார்த்துக்கொள்ளவும்தான். "இது என் வழி இல்லை" என்று ஜெபித்துத் தெரிந்துகொண்டவளும் இறைவனின் குரலைக் கேட்டவள்தான். சீதனத்துக்கு வழியில்லை என்று பிள்ளையை மடத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் திரும்பும்போது வெட்கப்படும் பெற்றோரை நினைத்தால்தான் எனக்கு மனம் கொதிக்கிறது.

நான் புறப்பட்ட அன்று அம்மா அழுதார். ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்த அப்பா, ரத்தோட்டை வழியாக மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, "புடிக்காட்டி வந்துரு புள்ள, வீடு இருக்கு" என்றார். நவதுறவின் முதல் மாதங்களில் ஒவ்வொரு இரவும் அந்தச் சொல்லை நினைத்தேன். திரும்பிப் போக ஒரு வீடு இருந்ததால்தான், என்னால் விரும்பித் தங்க முடிந்தது. முடி நரைத்த பிறகும் அந்த விருப்பம் குறையவில்லை. செபத்தில் வறண்டுபோன காலங்களும் இருந்தன. அப்போதும் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு எங்களுக்கு நான்காவது வார்த்தைப்பாடும் உண்டு: ஆன்மாக்களின் மீட்புக்காக ஆர்வத்தோடு உழைப்பது. ஊர் கதவடைத்த பெண்களைத் தேடிப்போவதை யூப்ரேசியா அம்மையார் எங்களுக்கு விட்டுப்போனார். இலங்கையில் இருந்தபோது, மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்களோடு வெகுகாலம் வேலை செய்தேன். அங்கே பட்டதைவிட, ஊருக்கு வந்தபின் கேட்ட பேச்சுத்தான் அவர்களை அதிகம் உடைத்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்த நான், நம் பிள்ளை விஷயத்தில் எப்படி வாய்மூடி இருப்பேன்?

பல்லேகமவின் பழைய டவுன் களுகங்கை நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது, நீங்களும் ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்தில் புதிதாகத் தொடங்கினீர்கள். அவளும் இப்போது அப்படித்தான் தொடங்குகிறாள்.

ஜூன் 13 வஹாக்கோட்டை அந்தோனியார் திருநாளுக்கு வேன் பிடிக்கும்போது அவளுக்கும் ஓர் இடம் வையுங்கள். ஞாயிறு மறைக்கல்விக்கு ஆள் இல்லை என்றும் தம்பி சொன்னான். அவள் படித்து வந்திருக்கிறாள், அவளைக் கேளுங்கள். சம்மதித்தால் எனக்கு எழுதுங்கள், பிள்ளைகளுக்கான படங்களை நான் அனுப்புகிறேன்.

உங்கள் சிஸ்டர்