எலும்பு கூடினால் போதுமா?

போன மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை, வாசல் தெளிக்கப் போன என் மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 74. எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்ததற்கு இதுதான் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"எண்ணெய்க் கட்டுப் போட்டா சரியாயிடும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. அன்றே கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோம். நல்லதாயிற்று! இந்த முறிவுக்கு ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லதாம். படுத்தே கிடந்தால் நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும். உயிருக்கு உலை வைப்பவை இவைதான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். "பச்சைப் புண்ணோடு நிறுத்துறீங்களே!" என்று நான் சண்டைக்கே போனேன். அத்தைதான், "விடு தாயி, விழுந்தவ நான், நானே எந்திரிக்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு தப்புச் செய்தேன். பாசத்தினால்தான்! சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே கொண்டு போனேன். மூன்றே வாரத்தில் கால் சூம்பிவிட்டது. குதிகால் சிவந்து புண்ணாகத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்த பிசியோதெரபிப் பெண், "அம்மா, உங்க பாசம்தான் இவங்களை முடக்குது" என்றார். சுருக்கென்றது. அன்று முதல் அடுப்படி வரை நடந்து வந்தால்தான் காப்பி!

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, "இதற்கு முன் எலும்பு முறிந்ததுண்டா?" என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு மறந்துவிட்டோம். "அதுதான் முதல் எச்சரிக்கை. உடைந்த இடத்தைச் சரி செய்தாயிற்று. மற்ற எலும்புகளும் பலமற்றுத்தானே இருக்கின்றன?" என்றார்.

அதற்கும் மருந்து உண்டு, சகோதரிகளே! ஜோலெட்ரானிக் அமிலம் என்பது வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்து 90 நாட்களுக்குள் இதைப் பெற்றவர்களை வைத்து 2007-ல் வெளியான ஆராய்ச்சியில், புதிய முறிவுகள் 35 சதவீதமும் மரணம் 28 சதவீதமும் குறைந்திருந்தன. சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதித்த பிறகே போடுவார்கள். வாரம் ஒரு மாத்திரையும் உண்டு. அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். எது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

கூடவே முட்டை, பருப்பு, கேழ்வரகுக் கூழ், முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி கொடுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு அவசியம்.

மாதவிலக்கு நின்றபின் நம் எலும்பும் வேகமாகத் தேயும். மாமியாருக்காகக் கற்றது, நாளை நமக்கும் உதவும்.

இப்போது அத்தை கைத்தடியோடு வாசல் வரை வருகிறார். தெளிப்பது மட்டும் நான்!