“பார்சலா தங்கச்சி?”

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் இறங்கேக்க ஏழு மணி. ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடந்தது. மத்தியானமும் சாப்பிடவில்லை. றோட்டுக்கு அங்கால ஒரு கொத்துக் கடை. சூடான கல்லில் இரண்டு தகடும் அடிபடுகிற சத்தம் பசித்த ஆளை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உள்ளே போனேன். பத்து மேசை இருக்கும், பாதிக்கு மேல் வெறுமை. கதிரையை இழுக்க முதலே காசு மேசையில் இருந்த அண்ணை கேட்டார்:

“பார்சலா தங்கச்சி?”

“இல்லை அண்ணை, இருந்து சாப்பிடப்போறன்.”

அவர் ஒருக்கா என்னைப் பார்த்தார், ஒருக்கா வாசலைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ஆரும் வருகினமோ என்று. ஒருத்தரும் வரவில்லை. “அப்ப அங்கால பமிலி றூமுக்க இருங்கோ” என்று மூலையில் சீலை தொங்கின ஒரு இடத்தைக் காட்டினார். விலக்கிப் பார்த்தேன். லைற் இல்லை. மேசைக்கு மேல் வெறும் சோடாப் போத்தல் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. வெளியில் இருந்த ஆறேழு பேரும் சாப்பாட்டை நிற்பாட்டிப்போட்டு, நான் என்ன செய்யப்போறன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்சல் எடுத்தேன். பஸ்ஸுக்குள் ஏறி, பையை மடியில் வைத்து, ஆறிப்போன கொத்தைத் தின்றுகொண்டு ஊருக்குப் போனேன். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது: அவர் கேட்டது அல்ல, நான் எடுத்தது.

அந்த அண்ணையில் எனக்குக் கோபமில்லை. அவர் மரியாதையாகத்தான் கேட்டார், எனக்கு உதவி செய்கிறதாகவும் நினைத்திருப்பார். என்ரை கோபம் வேறு ஆட்கள்மேல். ‘யாழ்ப்பாணத்தில் கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்துக் கடை’ என்று யூரியூபிலும் பேஸ்புக்கிலும் வாரத்துக்கு ஒரு பட்டியல் போடுகிற எங்கட தலைமுறைமேல். அந்தப் பட்டியல்களை நானும் விடாமல் பார்க்கிறவள்தான். மலாயன் கபேயின் வாழையிலைச் சாப்பாடு, நல்லூரடி ஐஸ்கிறீம், ஆஸ்பத்திரி வீதியில் எந்தக் கடை றோல்ஸ் நல்லது, எந்தக் கடையில் நண்டுக்கறி உறைப்பு என்று எல்லாம் எனக்கும் மனப்பாடம். விலை சொல்லுவார்கள், ருசி சொல்லுவார்கள், பார்க்கிங் இருக்கோ என்றும் சொல்லுவார்கள். ஒரு பெண் தனியப் போய் இருந்து சாப்பிடலாமோ என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அந்தக் கேள்வி கமராவைப் பிடித்திருக்கிறவருக்கு வந்ததே இல்லை. அவரிடம் ஒரு கடைக்காரரும் “பார்சலா தம்பி?” என்று வாசலில் வைத்துக் கேட்டதில்லை.

எனக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டால் கொத்துத்தான். அது கல்லில் இருந்து இறங்கின சூட்டோடு, ஆணத்தை மேல ஊத்திச் சாப்பிட வேண்டிய சாமான். பார்சலில் அது வேறு ஒன்றாகிப்போகும். றொட்டி ஆவியில் ஊறி, முட்டை வாடை எழும்பி, சேர்த்துக் கட்டின ஆணம் பையெல்லாம் ஒழுகும். இந்த ஊரில் பாதிச் சனம் தங்களுக்குப் பிடித்த சாப்பாட்டின் உண்மையான ருசியை அறியாமலே அதைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே மூன்று பதில் வரும்.

முதலாவது: “இப்ப எல்லாம் மாறிட்டுது. நல்லூரடியில போய்ப் பார், எத்தினை பெட்டையள் ஐஸ்கிறீம் குடிக்கினம்.” உண்மைதான். ஆனால் எங்கே மாறினது, எங்கே மாறவில்லை என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கோ. ஐஸ்கிறீம் கடை, கேக் கடை, ஏசி போட்ட கபே: இவைக்குப் பெண்கள் போகலாம், கூட்டமாகவோ குடும்பமாகவோ போனால் இன்னும் நல்லம். அங்கே ஒரு கோப்பியின் காசுக்குக் கொத்துக் கடையில் வயிறு நிரம்பும். அதாவது காசு கூடின இடத்தில் எங்களுக்குக் கதிரை இருக்கிறது. வேலை முடிந்து பசியோடு வருகிறவள் நூறு இருநூறு ரூபாவோடு ஏறி ஒரு பிளேன்ரீயும் வடையும் சாப்பிடக்கூடிய இடத்தில் இல்லை. பவுண் கடையிலும் புடவைக் கடையிலும் எட்டு மணித்தியாலம் நின்றபடி வேலை செய்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கோ, பின்னேரம் எங்கே இருந்து தேத்தண்ணி குடிக்கிறவை என்று.

இரண்டாவது: “அங்க குடிச்சுப்போட்டும் ஆக்கள் வருவினம். உங்கட பாதுகாப்புக்குத்தான் சொல்லினம்.” சரி, குடித்துப்போட்டு வருகிறவரால் பிரச்சினை என்றால் வெளியே போகச் சொல்ல வேண்டியது ஆரை? குழப்படி செய்கிறவருக்கு மேசை, செய்யாதவளுக்குச் சீலை. இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது? பெண்கள் இல்லாத கடை பெண்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். பயமாக இருக்கிறபடியால் பெண்கள் போகார்கள். அந்த வட்டத்தை வெளியில் நின்று ஒருத்தரும் உடைக்க ஏலாது.

மூன்றாவது, எனக்கு மிகவும் எரிச்சலைக் கிளப்புகிறது: “வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமே? எங்கட பண்பாடு கடையில சாப்பிடுறதில்லை.” இதைச் சொல்லுகிற பெடியள் கிழமையில் நாலு நாள் கடையில்தான். ஒரு கடையைப் புகழ வேண்டும் என்றாலும் “அம்மான்ர கைப்பக்குவம்” என்பார்கள். அந்த அம்மா எப்ப கடையில் இருந்து சாப்பிட்டவ? என்ரை அம்மாவுக்கு ஐம்பத்தி நாலு வயது. அவவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டால், “உங்களுக்குப் பிடிச்சதுதான் பிள்ளை” என்பா. முப்பது வருஷமாக எங்களுக்குப் பிடித்ததைச் சமைத்தவவுக்குத் தனக்குப் பிடித்ததை யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கட ஒழுங்கையில் இரண்டு வீட்டில் விடியப்புறம் மூன்று மணிக்கு அடுப்பு எரியும். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள். எண்ணித்தான் காசு. காலமை ஆறு மணிக்குச் சைக்கிளில் ஒருத்தர் வந்து ஏற்றிக்கொண்டு போவார். அந்த இடியப்பத்தைச் சொதியோடும் சம்பலோடும் நீங்கள் ‘பழமை மாறாத ருசி’ என்று படம் எடுத்துப் போடுகிறீர்கள். அவித்தவள் அந்தக் கடைக்குள் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. பெண்களின் கை இல்லாமல் இந்த ஊரில் ஒரு கடையும் திறக்காது. பெண்கள் இருக்காமல் மட்டும் எல்லாக் கடையும் நல்லாய் நடக்கும்.

கடையில் ஆர் இருந்து சாப்பிடலாம் என்பது இந்த ஊருக்குப் புதுப் பிரச்சினையும் அல்ல. ஒரு தேத்தண்ணியைக் கடைக்குள் இருந்து குடிக்கிறதுக்காக இங்கே மனிதர் அடி வாங்கினவர்கள், உயிரும் விட்டவர்கள். ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களுக்குக் கடைக்கு வெளியில், போத்தலிலும் தகரப்பேணியிலும் தேத்தண்ணி கொடுத்த காலம் எங்கட அம்மப்பாக்களின் காலம். சாதியைச் சொல்லி ஒருவரைத் தேத்தண்ணிக் கடையில் மறிக்கிறது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்தது. சட்டம் வந்த கையோடு கடைகள் திறந்துவிடவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது, பொலிஸின் அடி வாங்க வேண்டியிருந்தது. அதுக்குப் பிறகு சங்கானை போன்ற இடங்களில் ஒவ்வொரு கடையாகப் போராடித்தான் திறப்பிக்க வேண்டியிருந்தது. கே. டானியலின் எழுத்துக்களை வாசித்தவர்களுக்கு இது தெரியும். ‘யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுப் பாரம்பரியம்’ பற்றி வீடியோ போடுகிற ஒருத்தரும் இந்தப் பாரம்பரியத்தைச் சொல்லுவதில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. போத்தலில் தேத்தண்ணி குடித்தவர் பட்ட அவமானத்தையும், எனக்குக் கொத்துப் பார்சல் கிடைத்ததையும் ஒரே தராசில் வைக்கிறது அநியாயம். சாதி இன்னும் முடிந்த கதையும் இல்லை. வேலைக்கு வருகிறவருக்கு வேறு கோப்பை வைத்திருக்கிற வீடுகளை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு விசயம் ஒத்துப்போகிறது: உன்ரை காசு வேணும், நீ உள்ள இருக்கிறது வேண்டாம். அதை மாற்றினது சட்டம் மட்டும் அல்ல. உள்ளே போய் இருந்த ஆட்கள்தான் மாற்றினார்கள்.

மாற்றலாம் என்பதுக்கு எங்கட கண் முன்னாலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வடக்கில் விவசாயத் திணைக்களம் தொடங்கின ‘அம்மாச்சி’ உணவகங்கள். தெற்கில் ‘ஹெல பொஜுன்’ என்று நடக்கிற அதே மாதிரி. பெண்கள்தான் உங்கட கண்ணுக்கு முன்னால் தோசை சுடுகிறவர்கள், குரக்கன் புட்டு அவிக்கிறவர்கள், காசு வாங்குகிறவர்கள். நல்ல வெளிச்சம், திறந்த இடம், விலையும் குறைவு. அங்கே போய்ப் பாருங்கோ: தனிய வந்த பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், லொறிச் சாரதிமார், வயது போன ஐயாமார் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறார்கள். பண்பாடு ஒன்றும் இடிந்து விழவில்லை. அதே ஊர், அதே ஆம்பிளையள். கடையை ஆர் நடத்துகிறார்கள், எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் திருநெல்வேலி அம்மாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கதிரையின் நுனியில் இருந்தா, எழும்பி ஓடப்போற மாதிரி. தோசை வந்தது. சம்பலுக்குப் புளி காணாது என்றா. வடை நல்லது என்றா. பிறகு தானே எழும்பிப் போய் இன்னொரு தோசை வாங்கிக்கொண்டு வந்தா. வேறு ஒருத்தி சுட்டுத் தந்த தோசையைச் சூடாக இருந்து சாப்பிடுகிற அம்மாவை நான் அண்டைக்குத்தான் கண்டேன். எனக்கு இருபத்தாறு வயது.

ஆகையால், கேட்கிறது பெரிசாய் ஒன்றும் இல்லை.

கடைக்காரருக்கு: “பார்சலா?” என்று எங்களிடம் மட்டும் கேட்காதேங்கோ. “என்ன வேணும்?” என்று எல்லாரிடமும் கேளுங்கோ. அந்தச் சீலையைக் கழற்றிப்போட்டு, பூட்டுப் போடக்கூடிய ஒரு கக்கூஸ் கட்டுங்கோ.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு, இங்கே எழுதுகிற எங்களுக்கும் சேர்த்து: உறைப்பு, புளி, விலையோடு இன்னும் நாலு வரி எழுதுங்கோ. தனிய வந்த பெண் இருந்து சாப்பிட்டதைக் கண்டீர்களோ? வெளிச்சம் இருக்கோ? கக்கூஸ் பாவிக்கலாமோ? சமைக்கிறவரும் மேசை துடைக்கிறவரும் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யினம்? இந்த நாலும் இல்லாமல் ஒரு கடையை ‘யாழ்ப்பாணத்தின் பெஸ்ற்’ என்று எழுதுவது பாதி ஊருக்கான விமர்சனம்.

பெடியளுக்கு: ஒரு பெட்டை தனிய வந்து இருந்தால் உங்கட பிளேற்றைப் பாருங்கோ. அவ்வளவுதான். துணைக்கு வந்து இருக்கவும் வேண்டாம், காசு கட்டவும் வேண்டாம்.

பெட்டையளுக்கு: நான் பார்சல் எடுத்துக்கொண்டு வந்தவள், உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வாற வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நாங்கள் நாலு பேர் அதே கடைக்குப் போறம். சீலைக்குப் பின்னால் இல்லை, வாசலடி மேசையில். நாலு முட்டைக் கொத்து, ஆணம் கூட. அடுத்த கிழமை ஒவ்வொருத்தியும் தனியப் போறதாக யோசனை. வாறாக்கள் வாங்கோ, மேசை காணாட்டி அடுத்த மேசையையும் இழுத்துப் போடுவம்.