எல்லையில் நின்ற நம்மவர்கள்



சென்ற வெள்ளிக்கிழமை காட்டூரில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, துவாக்குடிப் பக்கம் வேலை செய்யும் வங்காள இளைஞர் ஒருவர், குடும்பத்தோடு தங்க வாடகை வீடு கிடைக்குமா என்று கேட்டார். "எந்த ஊரோ, என்ன ஆளோ" எனச் சிலர் முணுமுணுத்தனர். நாமும் "பார்க்கலாம்" என்று கூறி நழுவிவிட்டோம். வீடு திரும்பிய பின்னர்தான் மோரேத் தமிழர்கள் நினைவுக்கு வந்தனர்.

மோரே, மணிப்பூரில் பர்மாவின் தமு நகரை ஒட்டிய எல்லையூர். பிரிட்டிஷ் பேரரசு கலைந்தபோது இடம்பெயர்ந்தோரின் ஊர் அது. 1937 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். நம் முன்னோர் ரங்கூனில் வணிகம் செய்தனர். சூலியாப் பள்ளிவாசலை எழுப்பினர். 1948இல் பர்மா தனிநாடாயிற்று. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின், வணிகத்தை அரசுடைமையாக்கினார். 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வெறுங்கையுடன் தாயகம் திரும்பினர்.

இங்கே பலருக்குப் பிழைப்பு அமையவில்லை. பிறந்த மண்ணான பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்றவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டனர். முன்னே செல்ல வழியின்றி, பின்னே திரும்ப மனமின்றி, மோரேயிலேயே தங்கினர். குக்கி, மைதேயி, நேபாளி மக்களிடையே தமிழ்ச் சங்கமும் வழிபாட்டுத் தலங்களும் கண்டு வாழ்ந்தனர். 2023இல் மூண்ட வன்முறை அவ்வூரையும் எரித்தது.

அன்று அந்நியரான தமிழருக்கு அங்கே யாரோ ஒருவர் இடம் கொடுத்தார். இன்று நாம் வீட்டுக்காரர்கள். கேட்டு நிற்பவர் வேறொருவர்.

ஸகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் அல்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. இந்த இளைஞரோ ஸகாத் கேட்கவில்லை. வாடகை கொடுத்து வீடு கேட்கிறார். ஆவணங்களைச் சரிபார்ப்பதும் ஒப்பந்தம் எழுதிக்கொள்வதும் முறையே. பேச்சு மொழியைக் கேட்டதும் கதவைச் சாத்துவது முறையன்று. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களைத் தம் வீடுகளில் ஏற்ற அன்ஸாரிகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் பாடம் நடத்துகிறோம். அப்பாடத்தை அவர்கள் நம் தெருவில் காண வேண்டாமா?

வரும் ஜும்ஆவில் அந்த இளைஞரை நாமே தேடிச் சென்று, வீடு பார்த்துக் கொடுக்க உறுதி பூண்டுள்ளோம். உங்கள் பகுதியிலும் இவ்வாறு கேட்டு நிற்பவர் இருப்பார்.

அல்லாஹ் நம் உள்ளங்களை விசாலமாக்குவானாக! ஆமீன்.