கையெழுத்து வைத்தவர்கள்

விடுதலைப் போர்களின் வரலாற்றில் தளபதிகளுக்குப் பெயர் உண்டு. பணம் கொடுத்தவர்களுக்கு 'மக்கள்' என்ற ஒற்றைச் சொல்தான்.

சுவிஸ் நீதிமன்றங்கள் இதை இருமுறை கண்டிருக்கின்றன. முதலாவது அல்ஜீரியா. 1954 முதல் 1962 வரை நடந்த அந்தப் போருக்கு, பிரான்சின் தொழிற்சாலைகளில் உழைத்த அல்ஜீரியர்கள் மாதச் சந்தா கட்டினார்கள். மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு, அஞ்சிக் கொடுத்தவர்களும் உண்டு. விடுதலைக்குப் பின் இயக்கத்தின் பணம் ஜெனீவா வங்கியொன்றில் கிடந்தது. அதைத் தன் பிடியில் வைத்திருந்த மொஹமட் கிதர் புதிய ஆட்சியோடு முரண்பட்டார். 1967இல் மட்ரிட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு எழுபதுகளிலும் இழுபட்டது. சந்தா கட்டிய தொழிலாளி அதில் ஒரு தரப்பே அல்ல. வென்ற போரின் கணக்கே இப்படி.

இரண்டாவது நாங்கள். 2018இல் பெலின்சோனாவில் 13 பேர் மீது வழக்கு: பத்தாண்டுகளில் ஒன்றரைக் கோடி பிராங்குக்கு மேல் திரட்டிப் புலிகளுக்கு அனுப்பினார்கள் என்று. புலிகளுக்கு உதவிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. கடன் மோசடிக்காகச் சிலருக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. புலிகளுக்கு உதவிய குற்றச்சாட்டு நிற்காததை உச்ச நீதிமன்றமும் 2019இல் உறுதி செய்தது.

அந்தக் கடன்களை எடுத்தவர்கள் யார்? கோப்பை கழுவியவர்கள், துப்புரவு வேலைக்குப் போனவர்கள். பணம் போராட்டத்துக்கு, ஒப்பந்தத்தில் பெயர் அவர்களுடையது. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. தவணை முடியவில்லை.

அரசுத்தரப்புக்கு இவர்கள் ஏமாற்றப்பட்ட அப்பாவிகள். எங்கள் மேடைகளுக்கு வாரி வழங்கிய வள்ளல்கள். இரண்டுமே அவர்களைப் பேசவிடாத ஏற்பாடு. ஊரில் விழுந்த குண்டுக்காகக் கொடுத்தவரே, அடுத்த ஆண்டு வாசலில் நின்றவர்களின் முகத்துக்காகவும் கொடுத்திருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு மட்டுமே உரிமை உண்டு.

'இப்போது கிளறினால் எதிரிக்குத்தானே இலாபம்?' என்பார்கள். இல்லை. கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்குத்தான் மௌனம் இலாபம். போராட்டம் நியாயமானது என்றால் அதன் கணக்கும் நியாயமாக இருக்கவேண்டும். கொடுத்தவர்களைத் துரோகிகளாக்காமல் கேள்வி கேட்க முடியாத சமூகம் எந்த விடுதலையைப் பற்றிப் பேசுகிறது?

இங்கே பிறந்த பிள்ளைகளே, மாவீரர் நாளில் விளக்கேற்றுங்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள்: எவ்வளவு கொடுத்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள், எந்த ஆண்டு வரை கட்டினீர்கள்? சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். அவர்களுக்கு வயதாகிறது.